வன்தட்டுக் கட்டுப்படுத்தியும் சாதனச் செலுத்தியும்: வீட்டுக் கணினியின் வேகம்

க.பொ.த. (சாதாரண தரம்)
தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் உங்களால்,
• வன்தட்டிலிருந்து பிரதான நினைவகம் வரை தரவு செல்லும் பாதையை விளக்க முடியும்.
• கட்டுப்படுத்தி, சாதனச் செலுத்தி ஆகியவற்றின் பணிகளை வேறுபடுத்திக் காட்ட முடியும்.
• வன்தட்டின் அணுகல் நேரத்தையும் தரவு இடமாற்ற நேரத்தையும் கணிக்க முடியும்.
• வேகம் குறைந்த கணினியொன்றில் குறை எங்குள்ளது என்பதை ஒழுங்குமுறையாகக் கண்டறிய முடியும்.

1. அறிமுகம்

முன்னர் ஒரு நிமிடத்தில் ஆரம்பித்த வீட்டுக் கணினி இப்போது ஐந்து நிமிடங்கள் எடுக்கின்றது. கோப்பொன்றைப் பிரதிசெய்யும்போது சுட்டிகூட நின்று நின்று நகர்கின்றது. இவ்வேளையில் பலர் பின்வருவனவற்றுள் ஒன்றையே செய்கின்றனர்.

(அ) "வைரசாக இருக்கும்" எனக் கூறி வன்தட்டை மீள வடிவமைத்தல்
(ஆ) புதிய வன்தட்டு வாங்குதல்
(இ) கணினியையே மாற்றுதல்

முதலாவது வழியில் ஒப்படைகள், குடும்பப் படங்கள் போன்ற, வேறெங்கும் பிரதி இல்லாத கோப்புகள் அழியக்கூடும். மற்றைய இரு வழிகளிலும் பணம் செலவாகும். ஆனால் உண்மையான காரணம் தளர்ந்த வடமொன்றாகவோ, செலுத்தி மென்பொருளின் அமைப்பொன்றாகவோ இருந்தால் அதனைத் திருத்தச் சிறிதளவு செலவே ஏற்படும். சிலவேளை செலவே ஏற்படாது.

நினைவிற் கொள்க: வன்தட்டின் வேகம் வன்தட்டினால் மாத்திரம் தீர்மானிக்கப்படுவதில்லை. தரவு செல்லும் பாதையில் மிக மெதுவான பகுதி எதுவோ அதுவே முழுக் கணினியின் வேகத்தைத் தீர்மானிக்கும். எனவே அப்பகுதியை முதலிற் கண்டறிதல் வேண்டும்.

2. தரவு செல்லும் பாதை

நீங்கள் ஆவணமொன்றைத் திறக்கும்போது பின்வரும் படிகள் ஒழுங்காக நடைபெறுகின்றன.

(1) பிரயோக மென்பொருள், கோப்பைத் தருமாறு பணிசெயல் முறைமையிடம் கேட்கின்றது.
(2) பணிசெயல் முறைமையின் கோப்பு முறைமை, அக்கோப்பு வன்தட்டின் எந்தப் பகுதிகளில் உள்ளது எனக் கண்டறிகின்றது.
(3) சாதனச் செலுத்தி, அவ்வேண்டுகோளைக் கட்டுப்படுத்திக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றுகின்றது.
(4) தாய்ப்பலகையிலுள்ள கட்டுப்படுத்தி, கட்டளையை வடத்தினூடாக வன்தட்டுக்கு அனுப்புகின்றது.
(5) வன்தட்டு தரவை வாசித்து அதே பாதையில் திருப்பி அனுப்புகின்றது. தரவு பிரதான நினைவகத்தை வந்தடைகின்றது.

கட்டுப்படுத்தி என்பது வன்பொருள் ஆகும். அது தாய்ப்பலகையிலுள்ள ஒரு மின்சுற்று. சாதனச் செலுத்தி என்பது மென்பொருள் ஆகும். பொதுவாக "டிரைவர்" என அழைக்கப்படுவது இதுவே. கட்டுப்படுத்தி எவ்வளவு திறமையானதாயினும், செலுத்தி அதனைச் சரியான முறையில் இயக்காவிடின் அதன் முழு வேகம் கிடைக்காது. அதேவேளை, வன்தட்டின் இயல்பான வேகத்துக்கு மேலாக எந்தச் செலுத்தியாலும் அதனை இயக்க முடியாது. பரீட்சையில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

3. வன்தட்டின் சொந்த வேகம்

முதலாவது வன்தட்டு 1956 இல் ஐ.பி.எம். நிறுவனத்தினால் வெளியிடப்பட்டது. அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தன. அவை அனைத்திலும் சேர்த்து ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துருக்களையே சேமிக்க முடிந்தது. இன்றைய வன்தட்டு உள்ளங்கையில் அடங்கினாலும் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. தகடுகள் சுழல்கின்றன, அவற்றின் மேலாக வாசிப்பு எழுது தலை நகர்கின்றது. எனவே தரவொன்றைப் பெற இரு காத்திருப்புகள் உண்டு.

நாடும் நேரம்: தலை உரிய சுவட்டை அடைய எடுக்கும் நேரம்.
சுழற்சித் தாமதம்: வேண்டிய பகுதி தலையின் கீழ் வரும்வரை எடுக்கும் நேரம். சராசரியாக இது அரைச் சுழற்சிக்கான நேரமாகும்.

அணுகல் நேரம் = நாடும் நேரம் + சுழற்சித் தாமதம்

உதாரணம் 1
நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் வன்தட்டொன்றின் சராசரி நாடும் நேரம் 9 மில்லிசெக்கன் ஆகும். அதன் அணுகல் நேரத்தைக் காண்க.

ஒரு செக்கனில் சுழற்சிகள் = 7200 ÷ 60 = 120
ஒரு சுழற்சிக்கான நேரம் = 1000 ÷ 120 = 8.33 மில்லிசெக்கன்
சராசரிச் சுழற்சித் தாமதம் = 8.33 ÷ 2 = 4.17 மில்லிசெக்கன்
அணுகல் நேரம் = 9 + 4.17 = 13.17 மில்லிசெக்கன்

இவ்விடையின் கருத்தைச் சிந்தியுங்கள். 1000 ÷ 13.17 என்பது ஏறத்தாழ 76 ஆகும். அதாவது தரவுகள் சிதறிக் கிடந்தால் இவ்வன்தட்டினால் ஒரு செக்கனில் 76 இடங்களையே அணுக முடியும். ஒவ்வோர் இடத்திலும் 4 கிலோபைற்று வாசித்தால் கிடைப்பது செக்கனுக்கு ஏறத்தாழ 304 கிலோபைற்று மாத்திரமே. ஆனால் இதே வன்தட்டு ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாக வாசிக்கும்போது செக்கனுக்குப் பல பத்து மெகாபைற்றுகளைத் தரும். சிறிய கோப்புகள் ஆயிரத்தைப் பிரதிசெய்வது, அதே அளவான ஒரு பெரிய கோப்பைப் பிரதிசெய்வதிலும் பார்க்கத் தாமதமாவதற்கு இதுவே காரணம். இத்தாமதம் குறைபாடன்று, பொறியின் இயல்பு ஆகும். செலுத்தியை மாற்றுவதால் இது நீங்காது.

4. இடைமுகங்களும் உச்ச வேகங்களும்

1980 களின் தொடக்கத்தில் கட்டுப்படுத்தி தனியான அட்டையாக இருந்தது. 1980 களின் நடுப்பகுதியில் அறிமுகமான ஐ.டி.ஈ. முறையில், கட்டுப்படுத்தும் மின்சுற்றின் பெரும்பகுதி வன்தட்டின் உள்ளேயே அமைக்கப்பட்டது. 2003 முதல் சாட்டா இடைமுகம் சந்தைக்கு வந்து அதன் இடத்தைப் பிடித்தது.

| இடைமுகமும் இடமாற்ற முறையும் | உச்ச வேகம் (செக்கனுக்கு மெகாபைற்று) |
|---|---|
| ஐ.டி.ஈ. – பீ.ஐ.ஓ. முறை 0 | 3.3 |
| ஐ.டி.ஈ. – பீ.ஐ.ஓ. முறை 4 | 16.7 |
| ஐ.டி.ஈ. – அல்ட்ரா டீ.எம்.ஏ. முறை 2 | 33 |
| ஐ.டி.ஈ. – அல்ட்ரா டீ.எம்.ஏ. முறை 4 | 66 |
| ஐ.டி.ஈ. – அல்ட்ரா டீ.எம்.ஏ. முறை 5 | 100 |
| ஐ.டி.ஈ. – அல்ட்ரா டீ.எம்.ஏ. முறை 6 | 133 |
| சாட்டா முதலாம் தலைமுறை | 150 |
| சாட்டா இரண்டாம் தலைமுறை | 300 |
| சாட்டா மூன்றாம் தலைமுறை | 600 |

கவனிக்க: இவை பாதையின் உச்ச வேகங்களாகும். வன்தட்டு உண்மையில் இவ்வேகத்தில் வாசிக்கும் என்பது இதன் பொருளன்று.

உதாரணம் 2
சாட்டா முதலாம் தலைமுறையின் வேகம் செக்கனுக்கு 1.5 கிகாபிற்று எனப்படுகின்றது. இது எவ்வாறு 150 மெகாபைற்று ஆகும்?

சாட்டா வடத்தில் ஒவ்வொரு 8 பிற்றுத் தரவும் 10 பிற்றுகளாகக் குறிமுறையாக்கப்பட்டு அனுப்பப்படுகின்றது. எனவே ஒரு பைற்றுக்கு 10 பிற்று தேவை.
1500 மெகாபிற்று ÷ 10 = 150 மெகாபைற்று

8 ஆல் வகுத்து 187.5 என எழுதுவது மாணவர்கள் வழக்கமாக விடும் தவறாகும்.

5. பீ.ஐ.ஓ. முறையும் டீ.எம்.ஏ. முறையும்

பீ.ஐ.ஓ. என்பது செய்நிரலால் நடத்தப்படும் உள்ளீடு வெளியீடு ஆகும். இதில் ஒவ்வொரு 16 பிற்றுத் தரவையும் மத்திய செயற்பாட்டு அலகே கட்டுப்படுத்தியிலிருந்து எடுத்து நினைவகத்தில் வைக்கின்றது. 512 பைற்று கொண்ட ஓர் ஆரைச்சிறையை வாசிக்க இவ்வேலை 256 தடவை நடைபெற வேண்டும். ஒரு மெகாபைற்றுக்கு 5,24,288 தடவை நடைபெற வேண்டும்.

டீ.எம்.ஏ. என்பது நேரடி நினைவக அணுகல் ஆகும். இதில் மத்திய செயற்பாட்டு அலகு "இவ்விடத்திலிருந்து இவ்வளவு தரவை நினைவகத்தின் இம்முகவரியில் வை" என்னும் கட்டளையை மாத்திரம் வழங்குகின்றது. தரவைக் கட்டுப்படுத்தி நேரடியாக நினைவகத்துக்கு மாற்றுகின்றது. வேலை முடிந்ததும் இடையீட்டுச் சமிக்ஞை ஒன்றின் மூலம் அறிவிக்கின்றது. இடைப்பட்ட நேரத்தில் மத்திய செயற்பாட்டு அலகு வேறு வேலைகளைச் செய்யலாம்.

ஓர் உவமை: கடை முதலாளி லொறியிலிருந்து ஒவ்வொரு மூட்டையையும் தாமே சுமந்து இறக்கினால் அது பீ.ஐ.ஓ. ஆகும். அந்நேரத்தில் வாடிக்கையாளரைக் கவனிக்க அவரால் முடியாது. வேலையாளிடம் பட்டியலைக் கொடுத்துவிட்டு வியாபாரத்தைத் தொடர்ந்தால் அது டீ.எம்.ஏ. ஆகும். பீ.ஐ.ஓ. முறையில் கோப்பைப் பிரதிசெய்யும்போது சுட்டி திக்கித் திக்கி நகர்வதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

6. விடய ஆய்வு: விண்டோஸ் எக்ஸ்பி கணினி

விண்டோஸ் எக்ஸ்பி 2001 இல் வெளியிடப்பட்டது. அதற்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 இல் நிறுத்தப்பட்டது. எனினும் செலுத்தி ஒன்று கணினியின் வேகத்தை எவ்வாறு மாற்றும் என்பதற்கு இது தெளிவான உதாரணமாகும்.

என்ன நடந்தது?
அல்ட்ரா டீ.எம்.ஏ. முறையில் அனுப்பப்படும் தரவுடன் சீ.ஆர்.சி. எனப்படும் பிழைச் சோதனை எண்ணும் அனுப்பப்படுகின்றது. வழியில் தரவு பழுதடைந்தால் எண் பொருந்தாது. அப்போது தரவு மீண்டும் அனுப்பப்படும். எக்ஸ்பியின் ஐ.டி.ஈ. செலுத்தி இவ்வாறான பிழைகளையும், சாதனம் உரிய நேரத்தில் பதிலளிக்காத சந்தர்ப்பங்களையும் எண்ணி வந்தது. அவற்றின் கூட்டுத்தொகை ஆறை எட்டியதும் இடமாற்ற முறையை ஒரு படி குறைத்தது. பிழைகள் தொடர்ந்தால் படிப்படியாகக் குறைத்து இறுதியில் பீ.ஐ.ஓ. முறைக்குக் கொண்டு சென்றது.

ஏன் அவ்வாறு அமைக்கப்பட்டது?
வடம் பழுதடைந்திருந்தால் வேகமாக அனுப்புந்தோறும் பிழைகள் கூடும். மெதுவாக அனுப்பினால் தரவு சரியாகப் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். வேகத்தை இழந்தாலும் தரவைப் பாதுகாப்பதே நோக்கம். இந்நோக்கம் நியாயமானதே. ஆனால் திரையில் எச்சரிக்கை எதுவும் தோன்றவில்லை. ஆகையால் காரணம் தெரியாமலே பலர் வன்தட்டை வடிவமைத்தனர்.

விளைவு எவ்வளவு?

உதாரணம் 3
செக்கனுக்கு 60 மெகாபைற்று வாசிக்கக்கூடிய வன்தட்டிலிருந்து 600 மெகாபைற்றுக் கோப்பொன்று வாசிக்கப்படுகின்றது.
அல்ட்ரா டீ.எம்.ஏ. முறை 5 இல்: பாதையின் எல்லை 100, வன்தட்டின் எல்லை 60. எனவே 600 ÷ 60 = 10 செக்கன்
பீ.ஐ.ஓ. முறை 4 இல்: பாதையின் எல்லை 16.7. எனவே குறைந்தது 600 ÷ 16.7 = ஏறத்தாழ 36 செக்கன்
வன்தட்டு அதேதான். கணினியும் அதேதான். இடமாற்ற முறை மாத்திரமே மாறியுள்ளது.

எவ்வாறு கண்டறிவது?
எக்ஸ்பி கணினியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஐ.டி.ஈ. கட்டுப்படுத்திகளின் கீழுள்ள பிரைமரி ஐ.டி.ஈ. சனலின் பண்புகளில் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ் பகுதியைப் பார்க்க வேண்டும். நடைமுறையிலுள்ள இடமாற்ற முறை அங்கு காட்டப்படும். அது பீ.ஐ.ஓ. எனக் காட்டினால் குறை கண்டுபிடிக்கப்பட்டது.

எவ்வாறு திருத்துவது?
(1) முதலில் முக்கிய கோப்புகளை வேறொரு சேமிப்புச் சாதனத்தில் பிரதிசெய்க.
(2) கணினியை நிறுத்தி, மின்னிணைப்பைக் கழற்றிய பின்னர் வடத்தைப் பரிசோதிக்க. தளர்ந்திருந்தால் இறுக்குக. மடிந்தோ கிழிந்தோ இருந்தால் மாற்றுக.
(3) வடம் 80 கம்பிகள் கொண்டதா எனப் பார்க்க. அல்ட்ரா டீ.எம்.ஏ. முறை 2 இற்கு மேற்பட்ட முறைகளுக்கு 80 கம்பி வடம் அவசியம். முனையிலுள்ள ஊசிகள் 40 ஆகவே இருக்கும். மேலதிக 40 கம்பிகளும் புவித்தொடுப்புக் கம்பிகளாகச் சமிக்ஞைகளுக்கிடையிலான குறுக்கீட்டைக் குறைக்கின்றன.
(4) டிவைஸ் மேனேஜரில் அந்த ஐ.டி.ஈ. சனலை நீக்கிக் கணினியை மீள ஆரம்பிக்க. விண்டோஸ் சனலை மீண்டும் இனங்கண்டு உரிய டீ.எம்.ஏ. முறையை ஏற்படுத்தும்.

படி (2) ஐயும் (3) ஐயும் விட்டு (4) ஐ மாத்திரம் செய்தால் கணினி சில நாட்கள் வேகமாக இயங்கி மீண்டும் பழைய நிலைக்கே திரும்பும். ஏனெனில் பிழைக்கான காரணம் அங்கேயே உள்ளது.

7. சாட்டாவும் அதன் பின்னரும்

ஏ.எச்.சி.ஐ. என்பது சாட்டா கட்டுப்படுத்திகளுக்கான பொது நியமமாகும். இதனை இன்ரெல் நிறுவனம் 2004 இல் வெளியிட்டது. இதன்மூலம் வன்தட்டு ஒரே தடவையில் 32 கட்டளைகள் வரை பெற்று, தலை குறைவாக நகரும் வண்ணம் அவற்றின் ஒழுங்கை மாற்றிக்கொள்ளலாம்.

விண்டோஸ் எக்ஸ்பியில் ஏ.எச்.சி.ஐ. செலுத்தி உள்ளடக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே நிறுவும்போது எஃப்6 சாவியை அழுத்தி, நெகிழ்வட்டிலிருந்து செலுத்தியை வழங்க வேண்டியிருந்தது. ஐ.டி.ஈ. முறையில் நிறுவிய பின்னர், செலுத்தி இன்றிப் பயோஸ் அமைப்பை ஏ.எச்.சி.ஐ. என மாற்றினால் கணினி ஆரம்பிக்காது. நீலத்திரையில் 7பீ என்னும் பதினறும எண்ணில் முடியும் பிழைக் குறியீடு தோன்றும். ஆரம்பிக்கும் வன்தட்டை அணுக முடியவில்லை என்பதே அதன் பொருள். தரவு எதுவும் அழிந்துவிடவில்லை. பயோஸ் அமைப்பைப் பழையபடி மாற்றினால் கணினி வழமைபோல ஆரம்பிக்கும். இதனை அறியாது வடிவமைப்பதே உண்மையான இழப்பாகும்.

திண்மநிலைச் சேமிப்பகங்களில் சுழலும் தகடு இல்லை. ஆகவே நாடும் நேரமும் சுழற்சித் தாமதமும் இல்லை. இவற்றின் வேகத்துக்கு சாட்டா பாதையே தடையாக அமைந்தமையால் என்.வீ.எம்.ஈ. நியமம் 2011 இல் வெளியிடப்பட்டது. இன்றும் செலுத்தியின் தேவை நீங்கவில்லை. சில புதிய மடிக்கணினிகளில் விண்டோஸ் 11 ஐ நிறுவும்போது சேமிப்பகம் பட்டியலில் தோன்றாது. கட்டுப்படுத்திக்குரிய செலுத்தியை யூ.எஸ்.பி. நினைவகத்திலிருந்து வழங்கியதும் அது தோன்றும். அன்று நெகிழ்வட்டு, இன்று யூ.எஸ்.பி. நினைவகம். தத்துவம் ஒன்றே.

8. வேகம் குறைந்த கணினியைப் பரிசோதிக்கும் ஒழுங்கு

(1) முக்கிய கோப்புகளைப் பிரதிசெய்க.
(2) விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வன்தட்டு, மத்திய செயற்பாட்டு அலகு, நினைவகம் ஆகியவற்றுள் எது நிரம்பிய நிலையில் உள்ளது எனப் பார்க்க. நினைவகம் நிரம்பியிருந்தால் வன்தட்டைக் குறைகூற வேண்டாம்.
(3) கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் மூலம் நடைமுறையிலுள்ள இடமாற்ற முறையையும், சாதனம் ஆதரிக்கும் உச்ச முறையையும் ஒப்பிடுக.
(4) அதே மென்பொருளில் வன்தட்டின் தற்பரிசோதனை அறிக்கையைப் பார்க்க. சீ7 என்னும் பதினறும எண்ணுடைய வரி, வடத்தில் ஏற்பட்ட சீ.ஆர்.சி. பிழைகளின் எண்ணிக்கை ஆகும். 05 என்னும் வரி, பழுதடைந்து மாற்றீடு செய்யப்பட்ட ஆரைச்சிறைகளின் எண்ணிக்கை ஆகும்.
(5) சீ7 மாத்திரம் கூடிக்கொண்டு சென்றால் வடத்தை மாற்றுக. 05 கூடிக்கொண்டு சென்றால் வன்தட்டே பழுதடைகின்றது. அப்போதே புதியது வாங்குதல் தகும்.

9. பயிற்சி

பகுதி அ: மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும் வன்தட்டின் சராசரிச் சுழற்சித் தாமதம் (மில்லிசெக்கனில்)
(1) 11.11 (2) 5.56 (3) 4.17 (4) 2.78

2. அல்ட்ரா டீ.எம்.ஏ. முறை 5 ஐ ஆதரிக்கும் வன்தட்டு 40 கம்பி வடத்தினால் இணைக்கப்பட்டுள்ளது. பாதையின் உச்ச வேகம் (செக்கனுக்கு மெகாபைற்று)
(1) 133 (2) 100 (3) 66 (4) 33

3. சாட்டாவின் 3 கிகாபிற்று வேகம் செக்கனுக்கு எத்தனை மெகாபைற்று?
(1) 375 (2) 300 (3) 150 (4) 30

4. பயோஸ் அமைப்பை ஏ.எச்.சி.ஐ. என மாற்றியதும் நீலத்திரை தோன்றியது. முதலிற் செய்ய வேண்டியது
(1) வன்தட்டை வடிவமைத்தல் (2) நினைவகத்தை மாற்றுதல் (3) பயோஸ் அமைப்பைப் பழைய நிலைக்கு மாற்றுதல் (4) புதிய வன்தட்டு வாங்குதல்

பகுதி ஆ: அமைப்புக் கட்டுரை வினா

மாணவி ஒருவரின் கணினியில் வன்தட்டு பீ.ஐ.ஓ. முறை 4 இல் இயங்குகின்றது. வன்தட்டு செக்கனுக்கு 60 மெகாபைற்று வாசிக்கக்கூடியது. அறிக்கையில் சீ7 வரியின் பெறுமானம் 48, 05 வரியின் பெறுமானம் 0.
(i) 900 மெகாபைற்றுக் கோப்பை வாசிக்கத் தற்போது எடுக்கும் மிகக் குறைந்த நேரம் யாது?
(ii) அல்ட்ரா டீ.எம்.ஏ. முறை 5 இல் எடுக்கும் நேரம் யாது?
(iii) குறை பெரும்பாலும் எங்குள்ளது? காரணம் தருக.
(iv) "புதிய வன்தட்டு வாங்குவோம்" எனக் கூறும் தந்தைக்கு அவர் வழங்கக்கூடிய ஆலோசனையை இரு வாக்கியங்களில் எழுதுக.

விடைகள்

பகுதி அ
1. (2) – 60,000 ÷ 5400 = 11.11, அதன் அரைவாசி 5.56. விடை (1) முழுச் சுழற்சிக்கான நேரமாகும்.
2. (4) – 40 கம்பி வடத்தில் முறை 2 வரையே இயலும்.
3. (2) – 3000 ÷ 10 = 300
4. (3) – தரவு அழியவில்லை. செலுத்தி மாத்திரமே இல்லை.

பகுதி ஆ
(i) 900 ÷ 16.7 = ஏறத்தாழ 54 செக்கன்
(ii) பாதையின் எல்லையான 100 ஐ விட வன்தட்டின் எல்லையான 60 சிறியது. 900 ÷ 60 = 15 செக்கன்
(iii) வடத்தில் அல்லது அதன் இணைப்பில். சீ.ஆர்.சி. பிழைகள் பதிவாகியுள்ளன, ஆனால் பழுதடைந்த ஆரைச்சிறை எதுவும் இல்லை.
(iv) "அப்பா, வன்தட்டு நல்ல நிலையில் இருப்பதாகவே அறிக்கை காட்டுகிறது, பிழை வடத்தில்தான் பதிவாகியுள்ளது. முதலில் கோப்புகளைப் பிரதிசெய்து, வடத்தை மாற்றி, சனலை மீள அமைத்துப் பார்ப்போம். அதன் பின்னரும் பிழை கூடினால் புதியது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்."